எழுதும்போது சாம்பல், மறுநாள் கறுப்பு

‘காலிகிராஃபி பழக அயர்ன் கால் (iron gall) மை வாங்கினேன். எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறம். கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்று திட்டிக்கொண்டே தாளை மூடிவைத்தேன். மறுநாள் பார்த்தால் கன்னங்கரேல் என்றிருக்கிறது. என்ன வித்தை இது?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எழுத்தைச் சுற்றிக் கொடியும் பூவும் தங்கப்பூச்சுமாக, இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளைப் போலப் பக்கங்கள் செய்வது அவருடைய பொழுதுபோக்காம்.

கடைக்காரரைத் திட்ட வேண்டாம். வெளிறி எழுதுகிறது என்றால் மை புத்தம் புதியது.

அதில் மாசிக்காய், அன்னபேதி, பிசின், தண்ணீர் அவ்வளவுதான். முதல் மூன்றையும் நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கலாம். குழந்தைக்கு உரைமருந்து உரசிய வீடுகளுக்கு மாசிக்காய் தெரியும். அன்னபேதி என்பது பச்சைப் படிகமாக இருக்கும் ஃபெரஸ் சல்ஃபேட், அதாவது இரும்பு உப்பு. பிசினுக்குக் கருவேலம் பிசின் போதும். லியொனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளில் பெரும்பகுதியும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் (Bach) இசைத்தாள்களும் இந்த மையில் எழுதியவைதான்.

மாசிக்காய் உண்மையில் காயே இல்லை. மேற்கு ஆசியாவில் வளரும் ஓக் மரத்தின் மொட்டில் ஒரு சின்னக் குளவி முட்டையிடுகிறது. முட்டையைச் சுற்றி மரத்தின் திசு வீங்கி உருண்டையாகத் திரள்கிறது. உள்ளே புழு தின்று வளர, சுற்றுச்சுவரில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. சிரியாவின் நல்ல அலெப்போ மாசிக்காயில் எடையில் பாதிக்கு மேல் டானின். குளவி துளைபோட்டு வெளியேறுவதற்கு முன்பே பறித்ததுதான் மை காய்ச்சுகிறவர்களுக்கு உசத்தி. இங்கிலாந்தில் ஒருகாலத்தில் ஓக் மரத்து வீக்கங்களைப் பிளந்து பார்த்து வருடபலன் சொன்னார்கள்: உள்ளே ஈ இருந்தால் போர், புழு இருந்தால் பஞ்சம், சிலந்தி இருந்தால் கொள்ளைநோய். நல்ல சேதிக்கு வழியே வைக்காத ஆருடம்!

இனி அந்த வித்தைக்கு வருவோம். டானினைத் தண்ணீரில் ஊறவிட்டால் அது உடைந்து காலிக் அமிலம் கிடைக்கும். அதில் அன்னபேதியைப் போடும்போது இரும்பு, இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கிறது. இந்த இரும்பு காலிக் அமிலத்தோடு சேர்ந்தாலும் பிடி தளர்வுதான். நிறமும் அநேகமாக இல்லை, தண்ணீரில் கரைந்தே கிடக்கும். பேனாவிலிருந்து இறங்கும் மை இந்த நிலையில் இருப்பதால், வெறும் தண்ணீரைப் போலத் தாளிழைகளின் இடுக்குகளுக்குள் ஊறிவிடுகிறது.

தாளில் பரவிய பிறகுதான் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தொடுகிறது. ஒவ்வொரு இரும்பு அயனியிடமிருந்தும் இன்னும் ஓர் எலக்ட்ரான் போகிறது. மூன்று இழந்த இரும்புக்குக் காலிக் அமிலத்தின் மேல் தனி மோகம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அதன் ஆக்சிஜன் அணுக்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின், மூலக்கூறிலிருந்து இரும்புக்கு ஓர் எலக்ட்ரான் தாவ வழி பிறக்கிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றலே. சிவப்பிலிருந்து ஊதாவரை எல்லாவற்றையும் அது விழுங்கிவிட, மிஞ்சுவது கறுப்பு. அதோடு, இந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாது. கரைசலாக உள்ளே போனது, உள்ளேயே திடப்பொருளாகிச் சிக்கிக்கொள்கிறது. விளக்குக்கரி மையில் கரித்துகள் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடலாம். இங்கே நிறமியே தாளுக்குள் பிறக்கிறது. வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த தந்திரங்களில் இது ஒன்று.

நெல்லிக்காயும் கடுக்காயும் ஊறவைத்த இரும்புச் சட்டி மறுநாள் கறுத்திருப்பதும் இதே வினைதான். ஸ்ரீகாளஹஸ்தியிலும் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரி வரைகிறவர்கள் துணிக்குக் கடுக்காயை ஊட்டி வைத்துவிட்டு, இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் அதன்மேல் கோடு இழுக்கிறார்கள். ஐரோப்பியர் குப்பிக்குள் கலந்ததை இவர்கள் துணிமேல் கலக்கிறார்கள்.

எழுதுவது கண்ணுக்கே தெரியாவிட்டால் எப்படி எழுதுவது? முன்பெல்லாம் மையைக் கொஞ்சம் காற்றாட விட்டுப் பாதி கறுத்த பிறகு எழுதினார்கள். அதனால் குப்பியடியில் வண்டல் சேர்ந்தது. 1830களில் லண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் கறுக்காத மையிலேயே நீலச்சாயம் கலந்து விற்றார். எழுதும்போது நீலம், காய்ந்தபின் கறுப்பு. ‘புளூ பிளாக்’ என்ற பெயர் வந்த வழி இதுதான்.

ஆனால் கறுப்பு பிறக்கும் அதே வினையில் கந்தக அமிலமும் பிறக்கிறது. அன்னபேதி அளவுக்கு மீறிப் போனால் வினையில் சேராத இரும்பும் மிஞ்சி, தாளின் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டும் வினைகளைக் கிளப்பிவிடுகிறது. நூறு இருநூறு ஆண்டுகளில் எழுத்துகள் இருந்த இடம் பழுப்பாகி, நொறுங்கி, ஓட்டையாகிறது. பாக்கின் கையெழுத்துத் தாள்கள் பலவும் இப்படி அரித்துப்போய், பெர்லின் அரசு நூலகத்தின் தொகுப்பில் மோசமாகச் சிதைந்த தாள்களை இரண்டாக உரித்து நடுவில் மெல்லிய தாள் வைத்து ஒட்டினார்கள்.

அதைவிட மிகப் பழைய தோல் சுவடிகள் எப்படித் தாக்குப்பிடித்தன? தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துத்தான் பார்ச்மென்ட் செய்தார்கள். அதில் தங்கிய சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடுகிறது.

தாளுக்கு நெதர்லாந்தின் ஆவணப் பாதுகாப்பு ஆய்வாளர் யோகன் நேவல் 1990களில் ஒரு வைத்தியம் கண்டார். தாளை முதலில் கால்சியம் பைட்டேட் கரைசலில் முக்க வேண்டும். அது திரியும் இரும்பைக் கட்டிப்போடும். பிறகு கால்சியம் பைகார்பனேட். அது அமிலத்தை அடக்கும். பைட்டேட் நம் தவிட்டில் தாராளமாக இருக்கிற சரக்கு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன காகிதங்கள் இருக்கின்றன, அவர்கள் எழுதியதும் இந்த வகை மையில்தான். பழைய தாள்களைப் படம்பிடிக்கப் பணம் ஒதுக்கினால் செய்தியாகிறது. தாளைப் பிழைக்கவைக்கும் வேதியியலுக்கு ஒதுக்கினால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

‘மூலிகை மை, கெமிக்கல் இல்லாதது’ என்று இதையே விற்கிறவர்களிடமும் உஷாராக இருங்கள். மாசிக்காய் மரத்தில் விளைந்தது என்பதற்காக அமிலம் அடங்கிப்போகாது. அன்னபேதி சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீட்டில் காய்ச்சுவதானால் மாசிக்காய் மூன்று பங்குக்கு அன்னபேதி ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் லூயிஸ் பல விகிதங்களைச் சோதித்துச் சொன்ன அளவு அது. இந்த மையைப் பவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். இரும்பு நிப்பை எழுதியவுடன் கழுவித் துடையுங்கள். கால்சியம் கார்பனேட் சேர்த்த, அமிலமற்ற தாளாகப் பார்த்து வாங்குங்கள். பார்ச்மென்டின் சுண்ணாம்பு செய்த வேலையை அது செய்யும். வரிசையில் எழுத்து முதலில், பிறகு தங்கம், கடைசியில் வண்ணம். வண்ணத்தை முன்பே தீட்டிவிட்டால், அதிலுள்ள பசை ஈரம்பட்டு இளகி, தங்கத்தாள் வேண்டாத இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.