சொல் விளக்கம்: அத்தியாவசிய எண்ணெயா, ஆவியெண்ணெயா?

பூ, இலை, தோல் முதலியவற்றிலிருந்து எடுக்கும் மணமுள்ள ‘எசென்ஷியல் ஒயில்’ என்பதை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று போத்தல் ஒட்டுத்தாள்களிலும் இணையக் குறிப்புகளிலும் எழுதிவருகிறார்கள். இது பிழை. நம் வழக்கில் அத்தியாவசியப் பொருள் என்றால் அரிசி, மா, சீனி, பருப்பு. பூவின் எண்ணெய்க்கும் அந்தப் பட்டியலுக்கும் தொடர்பில்லை.

இந்தச் சொல்லின் வேர் இலத்தீனின் ‘எசென்ஷியா’. உள்பொருள், சாரம் என்பது பொருள். நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கையும் கடந்த ஐந்தாம் சாரம் ஒன்று பொருள்களுக்குள் உண்டு, வாலை எனும் வடிகலத்தில் வடித்தால் அது வெளிவரும் என்று ஐரோப்பிய இரசவாதிகள் நம்பினார்கள். 16ஆம் நூற்றாண்டின் மருத்துவர் பராசெல்சசு அந்தக் கருத்தைப் பரப்பியவர். ஆகவே அது ‘தேவையான’ எண்ணெய் அல்ல, செடியின் சாரமான எண்ணெய்.

‘எண்ணெய்’ என்பதோ எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். எள்ளில் தொடங்கித் தேங்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் பரவி, இன்று திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் வரை வந்துவிட்டது. இவ்வளவு விரிந்த சொல்லுக்கு முன்னால் சரியான அடைமொழி வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு துளி தேங்காய் எண்ணெய், பக்கத்தில் ஒரு துளி தூய லாவண்டர் எண்ணெய் விட்டுப் பாருங்கள். முதலாவது கறையாக நிற்கும். இரண்டாவது சில மணி நேரத்தில் அநேகமாகச் சுவடின்றிப் போய்விடும்.

மாற்றுச் சொற்களைப் பார்த்தால், ‘நறுமண எண்ணெய்’ தலைக்குப் பூசும் வாசனை எண்ணெயோடு குழம்பும். ‘சாற்றெண்ணெய்’ தோடம்பழத் தோலைப் பிழிந்தெடுப்பதற்குப் பொருந்தும், வடித்தெடுப்பதற்குப் பொருந்தாது. ‘அத்தர்’ அரபு வழி வந்தது, மரபில் சந்தன எண்ணெயில் பூவை வடித்தது. எங்கள் தேர்வு ‘ஆவியெண்ணெய்’. நீராவியால் எடுக்கிறோம், ஆவியாகிப் பறக்கிறது, ஆவி என்றால் உயிர் என்றும் பொருள். ‘எசென்ஷியா’ சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான்.

சொல் தெளிந்தால் வீட்டில் எது முடியும் என்பதும் தெளியும். ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு 3000 முதல் 5000 கிலோ பூ வேண்டும். அரைக் கிலோ இதழில் கிடைக்கும் சில துளியும் குழாய்ச் சுவரில் ஒட்டிப்போகும். மல்லிகையின் மணமோ கொதிநீராவியில் கெடும். அதை எண்ணெயில்தான் ஊறவைக்க வேண்டும். ஈரமில்லாத பூவைத் தேங்காய் எண்ணெயில் இட்டு, 24 மணிக்கொரு தரம் மாற்றி, ஏழெட்டு முறை செய்யுங்கள். பூ ஈரமாக இருந்தால் எண்ணெய் சிக்கெடுக்கும். கிடைப்பது மல்லிகைத் தைலம், ஆவியெண்ணெய் அல்ல.

வீட்டில் கண்ணால் காணுமளவு எண்ணெய் தரும் பூ கராம்பு. ஆம், அது காய்ந்த பூமொட்டு. எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். 100 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, முக்கால் லீற்றர் நீரில் இரவு ஊறவிட்டு, அந்த நீரோடு பிரஷர் குக்கரில் இடுங்கள். மாவாக அரைத்தால் நுரைத்துப் பொங்கிக் குழாயை அடைக்கும். அடைபட்ட குக்கர் வெடிக்கும், ஆகவே பாதுகாப்பு வால்வைக் கழற்றவே கூடாது. விசில் எடையை எடுத்துவிட்டு, அந்த வாயில் செம்புக் குழாய் அல்லது சிலிக்கன் குழாய் பொருத்துங்கள். சாதாரண இறப்பர் எண்ணெயை உறிஞ்சும். குழாயைச் சுருட்டி ஐஸ் வாளிக்குள் விடுங்கள். திருகோணமலை வெயிலில் குழாய்த்தண்ணீர் போதிய குளிர் தராது, மணம் ஆவியாகவே வெளியேறும். சிறுதீயில் நொடிக்கு ஒரு துளி விழுந்தால் போதும். அடி வற்றினால் எல்லாம் தீய்ந்த வாடைதான்.

வடிவது பால்போலக் கலங்கியிருக்கும். ஒடுங்கிய கண்ணாடிப் போத்தலில் அசையாமல் வைத்தால், பெரும்பாலான எண்ணெய்கள் போல் மிதக்காமல், இளமஞ்சள் மணிகளாக அடியில் இறங்கும். கராம்பெண்ணெய் நீரைவிடக் கனமானது. உப்பிட்டால் எண்ணெய் பிரியும் என்ற குறிப்பு இங்கே உதவாது. நீர் கனத்து, எண்ணெய் படிவது தடைப்படும். சொட்டுக் குழலால் அடியிலிருந்து உறிஞ்சிக் கருநிறப் போத்தலில் அடையுங்கள். வேறு எண்ணெயில் கலக்காமல் தோலில் பூசினால் எரியும்.

மேலே எஞ்சும் வாசநீருக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். சித்த மருத்துவத்தில் அது ‘தீநீர்’. திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவர்களுக்கு ஓமத் தீநீர் பழகிய பெயர். ரோசாவில் வடித்தால் அதுவே பன்னீர். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கலங்கிப் பூஞ்சணம் கண்டால் ஊற்றிவிடுங்கள்.