குடிக்காதவர்களுக்கும் ஈரல் சுருங்கும்

போன வாரம் இன்னும் ஒருவர். தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி, அறுபதைத் தொடவில்லை. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து வந்தார். ஸ்கேனில் ஈரல் சுருங்கி மண்ணீரல் பெருத்திருந்தது. சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய் என்றதும் மகன் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்: "எங்க ஆத்தாவுக்கா டாக்டர்? வெளிய சொன்னா என்ன நெனைப்பாக?"

எத்தனை தடவைதான் சொல்வது! ஈரல் கெட்டுப்போனால் குடிகாரர் என்று அர்த்தமில்லை. பல வருஷச் சர்க்கரை, தொப்பை, ரத்தத்தில் ஏறிய கொழுப்பு, இவை போதும். ஒரு சொட்டு மது தொடாத ஈரலிலும் கொழுப்பு படிந்து, அழற்சியாகி, தழும்பேறும். விரதம், சைவம் எதுவும் இதற்குக் காப்பு இல்லை. தேசிய தொற்றாநோய்த் திட்டத்தில் இதை 2021-லேயே சேர்த்தாகிவிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் மானப் பிரச்சினையாகக் கிடக்கிறது.

ஆச்சியின் பழைய தாள்களைப் புரட்டினேன். இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் பிளேட்லெட் 1,10,000. டெங்கு என்று பப்பாளி இலைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் போனது, பிளேட்லெட் ஏறவே இல்லை. ஈரல் தழும்பேறி மண்ணீரல் பெருத்தாலும் பிளேட்லெட் குறையும்; அதை யாரும் யோசிக்கவில்லை. அதே தாள்கட்டுக்குள் ஒரு ஸ்கேன் தாள்: 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று மடித்து வைத்துவிட்டார்கள்.

அந்தக் கிரேடு கொழுப்பின் அளவை மட்டுமே சொல்லும். தழும்பு எவ்வளவு என்று சொல்லாது. கிரேடு 1 என்று நிம்மதியாக இருப்பவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். ஈரலுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தாலும் அப்படித்தான். (நாங்களும் பல நேரம் அந்த ஓர் எண்ணைப் பார்த்து அனுப்பிவிடுகிறோம்.) வயது, எஸ்.ஜி.பி.டி., அதோடு பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., பிளேட்லெட் நான்கையும் வைத்து, தழும்பு இருக்குமா என்று கணிக்க 'ஃபிப்-4' என்று ஒரு கணக்கு உண்டு. செலவு சொற்பம். 1.3-க்கு மேல் வந்தால், ஈரலின் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பாருங்கள். 65 வயது தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பருமனாக இருப்பவர்கள் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு குறைத்தால் அழற்சி அடங்கும், தழும்புகூடப் பின்வாங்கலாம். 70 கிலோக்காரருக்கு அது 5 முதல் 7 கிலோ. கந்தரப்பமும் பால்பணியாரமும் விசேஷத்துக்கு இருக்கட்டும், தினம் நாலு மணிக்கு வேண்டாம். சர்க்கரை போடாத காபி தாராளமாகக் குடிக்கலாம். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை ரத்தம் பாருங்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகிறது. பெயர் தெரியாத லேகியம், 'லிவர் சுத்தம் செய்யும்' பொடி எதுவும் தயவுசெய்து வேண்டாம்.

"குடிக்காதவனுக்கே வருதாம், நான் எதுக்கு நிறுத்தணும்?" என்று யாராவது கேட்பார். தொப்பையும் சர்க்கரையும் இருக்க, மதுவும் சேர்ந்தால் ஈரல் இன்னும் வேகமாகப் போகும். அவர்தான் முதல் டோக்கன் வாங்க வேண்டும்.