தோலுக்கு வேண்டியது நீர். எண்ணெய் அந்த நீருக்குக் காவல்

உள்ளங்காலின் காய்ப்பிலிருந்து சீவியெடுத்த தோல் துண்டு நன்றாக உலர்ந்துவிட்டால், வளைக்க முயன்றவுடன் ஒடிந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பிளாங்க் அத்தகைய துண்டுகளை எண்ணெய்ப் பொருள்களில் ஊறவைத்துப் பார்த்தபோது அவை விறைப்பாகவே இருந்தன. நீரை உறிஞ்சிக்கொண்ட துண்டுகளோ மீண்டும் மென்மையாக வளைந்தன. 1952-இல் வெளியான இந்த முடிவு, தோலின் மென்மையை நிர்ணயிப்பது அதன் வெளிப்படலத்தில் தங்கியிருக்கும் நீரே என்பதைத் தெளிவாக்கியது. எண்ணெயும் களிம்பும் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. அவற்றின் வேலை வேறு.

உடலின் பெரும்பாலான இடங்களில் இந்த வெளிப்படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாது. கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த, உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்களைப் போல அடுக்கடுக்காக அமைந்திருக்க, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை கலந்த கொழுப்புப் பூச்சு அவற்றின் இடைவெளிகளைச் சுண்ணாம்புக் காரையாக அடைத்திருக்கிறது. இத்தனை காவல் இருந்தும், வியர்வை சிந்தாத நிலையிலேயே நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டர் நீர் தோலின் வழியே ஆவியாகிறது. காரை சிதைந்தால் இந்த இழப்பு பெருகும்.

செல்களுக்குள்ளும் நீரைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் மேலடுக்குகளுக்கு வந்து சேரும்போது சிதைந்து அமினோ அமிலங்களாகிறது. அவை யூரியா, லாக்டேட் போன்றவற்றோடு சேர்ந்து நீரை ஈர்த்துவைக்கின்றன. இப்புரதத்திற்கான மரபணுவில் பிறவியிலேயே குறையுள்ளவர்களுக்குக் கடும் தோல் வறட்சியும் எக்ஸிமாவும் எளிதில் வருகின்றன என்பது 2006-இல் கண்டறியப்பட்டது. சிலருக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் தோல் வறண்டே இருப்பதை அவர்களுடைய அலட்சியம் என்று பழிப்பது எவ்வளவு தவறு என்பதை இந்த ஒரு கண்டுபிடிப்பே உணர்த்துகிறது.

வறண்ட தோல் செதில் செதிலாக உரிவதற்கும் நீர்க்குறைவே காரணம். முதிர்ந்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரதக் கட்டுகளை நொதிகள் அறுத்துவிட, அச்செல்கள் தனித்தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதே இயல்பு. அந்த நொதிகள் இயங்க ஈரம் வேண்டும். அது போதாதபோது கட்டுகள் அறுபடாமல் செல்கள் கூட்டமாகப் பெயர்ந்து வருகின்றன. ஆகவே அந்தச் செதில்களை நாரால் தேய்த்து உரிப்பது நோயை விட்டுவிட்டு அறிகுறியைத் தாக்குவதாகும். வழக்கமான சோப்பும் நிலைமையை மோசமாக்கும். தோலின் மேற்பரப்பு இயல்பில் மிதமான அமிலத்தன்மை கொண்டது. காரத்தன்மை மிகுந்த சோப்பு அதைக் குலைப்பதோடு, கொழுப்புப் பூச்சின் ஒரு பகுதியையும் நீரைப் பிடிக்கும் சேர்மங்களையும் கழுவிக் கொண்டுபோய்விடுகிறது.

பூசும் பொருள்களில் வாசலின் போன்றவை மேலே படலமாகப் படிந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. கிளிசரினும் குறைந்த அளவிலான யூரியாவும் நீரை ஈர்த்துவைக்கின்றன. நல்ல கிரீம்களில் இரண்டும் கலந்திருக்கும். குளித்ததும் உடலை ஒற்றித் துடைத்துவிட்டு, ஈரம் முழுதும் காய்வதற்குள் பூச வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது, காக்க வேண்டிய நீர் அப்போதுதான் தோலில் இருக்கிறது என்பதால்தான். எண்ணெய்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஒலிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் காரையின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் அத்தகைய கேட்டை விளைவிக்கவில்லை.

இந்த அறிவு அழகைக் காட்டிலும் பெரிய ஒன்றைக் காப்பாற்றுவது தொழுநோயாளிகளின் கால்களில்தான். அந்நோய் உணர்ச்சி நரம்புகளோடு வியர்வையைத் தூண்டும் நரம்புகளையும் அழிப்பதால், வியர்க்காத பாதம் வறண்டு வெடிக்கிறது; வலி தெரியாததால் வெடிப்பு ஆழமாகி, கிருமி புகுந்து புண்ணாகிறது. வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையம் போன்ற இடங்களில் கற்பிக்கப்படும் அன்றாடப் பராமரிப்பு மிக எளியது: பாதங்களைச் சாதாரண நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, காய்ப்பை மெதுவாகத் தேய்த்து நீக்கி, ஈரம் இருக்கும்போதே எண்ணெயோ வாசலினோ தடவுதல்.

நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் இதே வறட்சி வரும். ஆனால் அவர்கள் மருத்துவர் சொல்லாமல் பாதங்களை நீரில் ஊறவைப்பது நல்லதல்ல. கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து, பாதத்தின் மேலும் கீழும் மட்டும் கிரீம் பூச வேண்டும். விரலிடுக்கில் தேங்கும் ஈரம் பூஞ்சைத் தொற்றுக்கு இடம் கொடுத்துவிடும்.