கவுண்ட் ஊசி சத்து ஊசி அல்ல

கீமோ முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஐஸ் பையோடு ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். வார்டில் அதற்குப் பெயர் 'கவுண்ட் ஊசி'. கீமோவில் குறையும் வெள்ளை அணு எண்ணிக்கையை, அதாவது 'கவுண்ட்'டை, ஏற்றும் ஊசி. உள்ளே இருக்கும் மருந்து ஃபில்கிராஸ்டிம். நம் உடலே சுரக்கும் ஜி-சி.எஸ்.எஃப் என்ற வளர்ச்சிக் காரணியை ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பல வீடுகளில் இதைச் சத்து ஊசி என்றே நினைக்கிறார்கள். போட்டால் தெம்பு வரும், கூடப் போட்டால் கூடத் தெம்பு வரும், இன்று விட்டதை நாளை சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று. நாங்கள் பார்க்கும் தவறுகளில் பாதி இந்த நினைப்பிலிருந்து கிளைப்பவை.

சத்து என்றால் செங்கல், மணல். வளர்ச்சிக் காரணி மேஸ்திரியின் குரல். யாருக்குச் சொல்லப்படுகிறது, எப்போது சொல்லப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லா ரத்த அணுக்களுக்கும் தாயான, எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் எஸ்.சி.எஃப் என்ற புரதம் அவற்றை உயிரோடு காக்கிறது, சி.எக்ஸ்.சி.எல்-12 என்ற இன்னொரு புரதம் அவற்றை இருந்த இடத்திலேயே பிடித்து வைக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களையும் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்கள் 10,000 கோடியையும் பெருக்கித் தருவது அவற்றின் வாரிசுச் செல்கள்தான். அந்த வாரிசுகள் ஒவ்வொன்றும் தன் மேல் உள்ள ஏற்பி, அதாவது காது, எதற்குரியதோ அந்தக் குரலை மட்டுமே கேட்கும். சிறுநீரகத்திலிருந்து வரும் எரித்ரோபாய்ட்டின் சிவப்பணுக்களுக்கு. கல்லீரலின் த்ராம்போபாய்ட்டின் பிளேட்லெட்டுக்கு. ஜி-சி.எஸ்.எஃப் நியூட்ரோஃபிலுக்கு, ஜி.எம்-சி.எஸ்.எஃப் மோனோசைட்டுக்கும் சேர்த்து, இன்டர்லூக்கின்-7 டி லிம்ஃபோசைட்டுக்கு, இன்டர்லூக்கின்-5 ஈசினோஃபிலுக்கு. இந்தக் கடைசி நான்கும் வெள்ளை அணு வகைகள். இதில் ஒரு வேடிக்கை: த்ராம்போபாய்ட்டினின் ஏற்பி ஸ்டெம் செல்லிலும் உண்டு. அந்த ஏற்பியைத் தூண்டிப் பிளேட்லெட்டை ஏற்றும் மாத்திரையாக வந்த எல்ட்ரோம்போபாக், மஜ்ஜையே வற்றிப்போகும் ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் சிலருக்கு மூன்று வகை அணுக்களையும் ஏற்றிவிடுவது அதனால்தான்.

ஆகவே கவுண்ட் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, பிளேட்லெட் ஏறவில்லை என்று வருந்த வேண்டாம். அது அவற்றின் காதில் விழாது. லிம்ஃபோசைட்டும் ஏறாது, கவுண்ட் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அக்கி வருவதில் முரண் ஏதுமில்லை. டெங்குவில் வெள்ளை அணு குறையும்போது இந்த ஊசியைக் கேட்கிறார்கள். தேவையில்லை, காய்ச்சல் தணியத் தணிய அது தானே ஏறும்.

'காலனி ஸ்டிமுலேட்டிங் ஃபேக்டர்' என்ற பெயர் வந்த கதை சுருக்கமாக: 1960களில் ஆஸ்திரேலியாவில் ரே பிராட்லி, டொனால்ட் மெட்காஃப் இருவரும், இஸ்ரேலில் புளூஸ்னிக், சாக்ஸ் இருவரும், மஜ்ஜைச் செல்களை அகார் கூழில் வளர்த்துப் பார்த்தார்கள். வேறு செல்கள் சுரக்கும் ஏதோ ஒன்று சேர்ந்தால்தான் அவை கூட்டம் கூட்டமாகப் பெருகின. அந்த 'ஏதோ ஒன்று' உடலில் இருப்பது மிகச் சொற்பம். 1977இல் எரித்ரோபாய்ட்டினைத் தூய்மையாகப் பிரிக்க, ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் தேவைப்பட்டது. மரபணுவைப் பிரித்தெடுத்த பிறகே மருந்தாயிற்று. அமெரிக்காவில் ஃபில்கிராஸ்டிமுக்கு அனுமதி கிடைத்தது 1991இல்.

கீமோ மருந்து, பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லைக் கொல்லும். ஜி-சி.எஸ்.எஃப் செல்லைப் பிரிந்து பெருகச் சொல்லும். இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால், ஊசி எழுப்பிவிட்ட செல்களையே கீமோ அறுவடை செய்துவிடும். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்தே முதல் ஊசி என்பதும், அடுத்த கீமோவுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் போடக்கூடாது என்பதும் இதனால்தான். ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் 'இப்பவே போட்டு அனுப்பிடுங்க சிஸ்டர்' என்று கேட்காதீர்கள்.

வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 மைக்ரோகிராம். பெரியவர்கள் பலருக்கு 300 மைக்ரோகிராம் சிரிஞ்சு ஒன்று. தினமும் ஒரே நேரத்தில், தோலுக்கு அடியில். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ, தொடையின் முன்புறத்திலோ, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டையாகப் போடாமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு ஊசி போட்டுவிட்டு லேபில் பார்த்தால் வெள்ளை அணு 15,000 என்று வரும். 'கவுண்ட் ஏறிடுச்சு' என்று மீதியை நிறுத்திவிடுவார்கள். ஏறியது புதிய உற்பத்தி அல்ல. மஜ்ஜையில் முதிர்ந்து காத்திருந்த அணுக்களை ஊசி வெளியே தள்ளிவிட்டது, அவ்வளவே. கீமோவின் உண்மையான பள்ளம், அதாவது கவுண்ட் மிகக் கீழே இறங்கும் காலம், பல மருந்துகளுக்கு 7 முதல் 14 நாட்களில் வரும். இரண்டாம் நாளில் நிறுத்தியவர் பத்தாம் நாள் 200 கவுண்டோடு காய்ச்சலில் வருவார். பள்ளத்தைத் தாண்டி ஏறிய கவுண்டே கணக்கு. நிறுத்திய பின் ஓரிரு நாளில் அது பாதியாக இறங்கும், அதற்குப் பதற வேண்டாம்.

இதன் நீண்ட நாள் வேலை செய்யும் வடிவமான பெக்ஃபில்கிராஸ்டிம் மட்டும் ஒரு கீமோ சுற்றுக்கு ஒரே ஊசி, 6 மில்லிகிராம். மருந்தோடு ஒட்டியிருக்கும் பாலிமர் அதைப் பெரிதாக்குவதால் சிறுநீரகம் வெளியேற்றாது. நியூட்ரோஃபில்களே அதை ஏற்பி வழியாக விழுங்கித் தீர்க்க வேண்டும். விழுங்க ஆளில்லாத பள்ளக் காலம் முழுவதும் மருந்து ரத்தத்தில் இருக்கும். ஆட்கள் திரும்பியதும் தீர்ந்துவிடும். உடலின் சொந்த ஜி-சி.எஸ்.எஃப்-க்கும் இதே கணக்குதான். அழகான ஏற்பாடு. ஆனால் அடுத்த கீமோவுக்குக் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும், வாராந்தரக் கீமோவுக்குச் சரிப்படாது.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுவை மட்டும் பார்க்காதீர்கள். மொத்தம் 1,800, நியூட்ரோஃபில் 22 சதவீதம் என்றால் நியூட்ரோஃபில் 396 மட்டுமே. 500க்குக் கீழே என்பது ஆபத்து எல்லை. அந்த நாட்களில் ஒரே ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும், இரவு இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள். மருத்துவமனை சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். கவுண்ட் ஊசி அதற்கு மாற்றாகாது.

எலும்பு வலி வரும். நடு நெஞ்சு, இடுப்பு, முதுகின் அடிப்பகுதி என மஜ்ஜை மிகுந்த இடங்களில், பெரும்பாலும் கவுண்ட் ஏறுவதற்குச் சற்று முன்பு. பாராசிட்டமால் போதும், ஆனால் மாத்திரைக்கு முன் வெப்பமானியை வையுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். பிளேட்லெட் குறைந்திருக்கும் நாட்களில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். இடது விலாவுக்குக் கீழே வலித்து அது இடது தோளுக்கு ஏறினால், அல்லது மூச்சு வாங்கினால், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மண்ணீரல் கிழிவதும் நுரையீரல் பாதிப்பும் அரிது, ஆனால் உண்டு. குடும்பத்தில் அரிவாள் அணு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடையே அது உண்டு, இந்த ஊசி அவர்களுக்குக் கடும் வலிநெருக்கடியைத் தூண்டலாம்.

ஊசி இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில்: ஃபிரிட்ஜின் நடுத்தட்டு, ஃப்ரீசர் அல்ல, கதவும் அல்ல. பயணத்தில் ஐஸ் பை பெட்டியை நேராகத் தொடாமல் இடையில் துணி சுற்றுங்கள். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். போடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்து வையுங்கள். சில்லென்று போட்டால் எரியும்.

லேபிலும் ஸ்கேன் மையத்திலும் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள். முதிராத அணுக்கள் ரத்தத்தில் தென்படும், ரத்தப் புற்றுநோயோ என்ற சந்தேகம் எழும். பெட் ஸ்கேனில் மஜ்ஜை முழுக்க ஒளிரும். எலும்புக்குப் பரவிவிட்டது போலத் தோன்றும்.

நலமாக இருப்பவர்களுக்கும் இதே ஊசி போடப்படுவது உண்டு: ஸ்டெம் செல் தானம் செய்பவர்களுக்கு. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், 4 அல்லது 5 நாள். மஜ்ஜையில் சி.எக்ஸ்.சி.எல்-12 குறைந்து பிடி தளரும், ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வரும், கையிலிருந்து எடுக்கும் ரத்தத்திலேயே இயந்திரம் அவற்றைப் பிரித்துக்கொள்ளும். பெறுபவரின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சி.டி-34 செல்கள் (அந்த அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்கள்) வேண்டும். லிம்ஃபோமா, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்கள் உள்ளவர்கள் தமக்கே சேமிக்கும்போது, முந்தைய கீமோக்களால் மஜ்ஜை களைத்துப்போய் அந்த எண்ணிக்கை வராமல் போவதுண்டு. அப்போது பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து சேர்க்கப்படும். அது செல்லின் பக்கத்திலிருந்தே அந்தப் பிடியை அவிழ்த்துவிடும்: இரவில் ஊசி, சுமார் 11 மணி நேரம் கழித்துக் காலையில் சேகரிப்பு.