வர்க்கம், வர்க்கமூலம்: சொல்லும் பொருளும்

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது அதன் வர்க்கம். எதைப் பெருக்கி அது கிடைத்ததோ அந்த எண் வர்க்கமூலம். 42இன் வர்க்கம் 1764. 1764இன் வர்க்கமூலம் 42.

'வர்க்கம்' வடசொல். ஓரினமானவை சேர்ந்த தொகுதி என்பது அதன் பொருள்களுள் ஒன்று. பாட்டாளி வர்க்கம் என்னும் வழக்கிலும், க, கா, கி எனத் தொடரும் எழுத்துகளைக் ககர வருக்கம் என்னும் வழக்கிலும் அப்பொருளே நிற்கிறது. கி.பி. 499ஆம் ஆண்டை ஒட்டியதாகக் கொள்ளப்படும், ஆரியபட்டரின் கணித, வானியல் நூலான ஆரியபட்டீயம், பக்கங்கள் சமமான சதுரத்தையும், அதன் பரப்பையும், ஒத்த இரண்டு அளவுகளின் பெருக்கத்தையும் இந்த ஒரே சொல்லால் குறிக்கிறது. 'மூலம்' என்பது வேர். அரபு மொழியின் 'ஜித்ர்', இலத்தீனின் 'ராடிக்ஸ்' ஆகியவற்றின் பொருளும் அதுவே. √ என்னும் குறியை 1525இல் அச்சேற்றியவர் ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் ருடோல்ஃப்.

'வர்க்கம்' என்னும் சொல்லுக்குள் சதுரம் இருப்பதை மனத்தில் கொண்டால், பள்ளியில் காரணம் அறியாமல் மனப்பாடம் செய்த வர்க்கமூல வகுத்தல் விளங்கிவிடும். 1764ஐ வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் 17, 64 ஆகும். 17க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 16, அதன் மூலம் 4. மீதி 1, அதனோடு 64ஐ இறக்கினால் 164. இனி 4ஐ இரட்டித்து 8 என எழுதி, அதன் வலப்பக்கம் ஓர் இலக்கத்தைச் சேர்த்து, அதே இலக்கத்தால் பெருக்க வேண்டும்: 82 × 2 = 164. மூலம் 42. ஏன் இரட்டிக்கிறோம்? 42 பக்கமுள்ள சதுரத்திலிருந்து 40 பக்கமுள்ள சதுரத்தை வெட்டியெடுத்தால், 40க்கு 2 என்னும் பட்டைகள் இரண்டும், மூலையில் 2க்கு 2 என்னும் சிறு சதுரமும் எஞ்சும். 80 + 80 + 4 சேர்ந்ததே அந்த 164. பட்டைகள் இரண்டு என்பதால்தான் இரட்டிப்பு.

வர்க்கத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுவோர் பெரும்பாலும் கவனிக்காமல் கடப்பது 'குழி'. நிலம் அளக்கும் கோலால் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட நிலம் ஒரு குழி. ஆகவே, பன்னிரண்டு கோல் பக்கமுள்ள சதுர நிலம் 144 குழி. அளவையின் பெயரே கணக்குக்கும் ஆகி, திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் முழு எண்களின் வர்க்க வாய்பாடு பெருங்குழி எனவும், பின்னங்களுடையது சிறுகுழி எனவும் வழங்கின. ஆரியபட்டீயம் காட்டும் பரப்பு, பெருக்கம் என்னும் இரு பொருளும் இந்தச் சிறு சொல்லிலும் ஒன்றாக நிற்பது வியப்புக்குரியது.

ஆயினும் இன்று குழி என்றால் பள்ளமே நினைவுக்கு வரும் என்பதால் அதை மீட்பது எளிதன்று. 'சதுரம்' உருவத்துக்கு நிலைத்துவிட்டது, அதுவும் வடசொல்லே. 'இருமடி' என்பதை இருமடங்கு என்று கொள்ள இடமுண்டு. 2இன் வர்க்கமும் இருமடங்கும் 4 ஆகவே அமைவதால், தொடக்கநிலை மாணவர் இந்தப் பிழையில் விழுவது மேலும் எளிதாகிறது. இருபடிச் சமன்பாடு என்னும் தொடரால் பாடநூல்களில் ஏற்கெனவே பழகிய 'இருபடி'யே பொருத்தமானது. வர்க்கமூலத்தை 'இருபடி மூலம்' எனலாம். 5இன் இருமடங்கு 10, இருபடி 25.