வெள்ளி அடைப்பைத் தோண்டும் முன்

காரைக்குடியில் என் கிளினிக்குக்குப் போன மாதம் ஓர் ஆச்சி வந்தார். சீப்புச்சீடையைக் கடித்ததில் கடைவாய்ப்பற்களில் இருந்த மூன்று பழைய வெள்ளி அடைப்புகளில் ஒன்றின் ஓரம் பெயர்ந்துவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். "எல்லாம் பாதரசமாமே, ஐரோப்பாவுல தடை பண்ணிட்டாகளாம். மூணையும் எடுத்துருங்க டாக்டர்" என்றார்.

பாதி உண்மைதான். அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், மருத்துவத் தேவை இருந்தாலொழிய, புதிதாக வைப்பதைத் தடுத்திருக்கிறது. பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதுதான் அவர்களுடைய முக்கியக் கவலை. வாயில் இருப்பதைத் தோண்டச் சொல்லவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. நல்ல நிலையில் இருக்கும் அடைப்பை எடுக்க வேண்டாம் என்றும் அப்போதே சொன்னது.

ஏனென்றால், சும்மா இருக்கும் அடைப்பிலிருந்து கசிவது சொற்பம். டிரில் பட்டுச் சூடேறும்போதுதான் பாதரச ஆவி அதிகமாகக் கிளம்பும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் தேயும். மூன்றையும் எடுத்தால் எனக்கு வருமானம். ஆச்சிக்கு என்ன லாபம்?

இரண்டு அடைப்புகள் கல் மாதிரி இருந்தன, தொடவில்லை. உடைந்ததன் அடியில் சொத்தை இருந்ததால் அதை மட்டும் எடுத்தேன். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினால் துகள் தொண்டைக்குள் போகாது. தண்ணீரைத் தாராளமாகப் பீய்ச்ச வேண்டும், வேகமாக உறிஞ்சும் சக்‌ஷன் குழாய் பல்லை ஒட்டியே இருக்க வேண்டும். முக்கியமானது வெட்டும் விதம். மாவாக அரைக்கக் கூடாது. குறுக்கே கீறி, கட்டியாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். ரப்பர் ஷீட் போடுவீர்களா என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தால், வலியோ சீழோ இல்லாதவரை, பிரசவம் முடியட்டும்.

பல் நிறத்திலேயே புது அடைப்பு வைத்து முடித்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு ஆச்சி கேட்டார்: "வெள்ளி இருக்குன்னீகளே, அந்தக் கட்டியைக் குடுங்க. பத்தர்கிட்ட குடுத்து உருக்கிக்கிறேன்."

சிரிப்பு வந்தாலும் பயமாகவும் இருந்தது. அதை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகி, பட்டறையில் உட்கார்ந்திருக்கும் பத்தரின் நுரையீரலுக்குத்தான் நேரே போகும். அதனால்தான் எரிக்கப் போகும் மருத்துவக் கழிவோடுகூட இதைச் சேர்ப்பதில்லை. மூடி இறுகிய பாட்டிலில் தனியாகப் போட்டு வைக்கிறோம். பாட்டிலைக் காட்டி விளக்கினேன்.

"சரி, அப்பப் பில்லுல அதைக் கழிச்சுக்குங்க" என்றார் ஆச்சி.