கீறல் விழுந்த டிஸ்க்கை எடுத்த பிறகும் படம் திணறுவது ஏன்?

பழைய டெஸ்க்டாப்பில் கல்யாண டிவிடியைப் போட்டால் படம் நின்று நின்று ஓடும். சத்தம் ஒரு பக்கம், உதட்டசைவு ஒரு பக்கம். டிஸ்க்கில் கீறல் இருக்கும் என்று அதை எடுத்துவிட்டு, பளபளவென்று இருக்கும் வேறொரு டிஸ்க்கைப் போட்டால் அதுவும் திணறும். அப்படியானால் டிரைவ் போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுவார்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். டிரைவ் நன்றாகவே இருந்து, அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவிலுள்ள பாதையை விண்டோஸே குறுக்கி வைத்திருக்கலாம். அந்தப் பாதை குறுகக் காரணமும் நாம் முதலில் எடுத்து வைத்த கீறல் டிஸ்க்காகவே இருக்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள டிஸ்க்கிலிருந்தே தொடங்குவோம்.

டிஸ்க்கின் அடிப்பக்கம் நுண்ணிய குழிகளாலான ஒரே ஒரு சுருள் பாதை, நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது. சிடியில் அந்தச் சுருளின் சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. டிவிடியில் 0.74 மட்டுமே. அவ்வளவு நெருக்கமான குழிகளைப் படிக்க மெல்லிய ஒளிப்புள்ளி வேண்டும் என்பதால், டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். சிடிக்கும் விசிடிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். ஆகவே டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர்கள் இருக்கின்றன, ஒன்று களைத்துப்போனாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். விசிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்றால் சிவப்பு லேசரைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன் மை கம்ப்யூட்டரில் டிவிடியைத் திறந்து பாருங்கள். 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரும் உள்ளே படம் அடங்கிய விஓபி கோப்புகளும் தெரிந்தால் லேசர் படிக்கிறது என்று அர்த்தம். கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான்.

அந்த மென்பொருள் கோளாறும் எக்ஸ்பியில் சகஜம். விசிடியில் இருப்பது எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. அதைப் பிரித்துக் காட்டும் டிகோடர் விண்டோஸோடு சேர்ந்தே வரும். டிவிடியில் இருப்பது எம்பெக்-2, அதற்கான டிகோடர் எக்ஸ்பியில் கிடையாது. பவர்டிவிடி, வின்டிவிடி மாதிரி டிவிடி மென்பொருள் ஒன்றைப் போட்டால்தான் விண்டோஸ் மீடியா பிளேயரே டிவிடியைக் காட்டும். வி.எல்.சி பிளேயர் தன் டிகோடரைத் தானே வைத்திருப்பதால் இந்தச் சிக்கலில் மாட்டாது. எந்தச் சோதனையையும் வி.எல்.சியில் தொடங்குவதுதான் நல்லது.

சரி, கீறலுக்கு வருவோம். டிஸ்க்கில் படத்தோடு கூடவே பிழைதிருத்தத் தகவலும் எழுதப்பட்டிருக்கும். சில எழுத்துகள் அழிந்தாலும் மிச்சத்தை வைத்து அழிந்ததைக் கணக்கிட்டு மீட்க முடியும். ரீட்-சாலமன் என்ற கணிதமுறை அது. சிடியில் பாதை நெடுக 2.5 மில்லிமீட்டர் வரை போன தகவலை மீட்கலாம், டிவிடியில் சுமார் 6 மில்லிமீட்டர் வரை. டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான். துணியிலுள்ள மணல் துகள் பாதைக்குக் குறுக்கே கீறினால் ஒவ்வொரு சுற்றிலும் துளித் துளிதான் போகும். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையோடு சேர்ந்து ஓடி, அடுத்தடுத்த தகவல் மொத்தமாகப் போய்விடும்.

விசிடிக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. கோப்புகள் எழுதும் சாதாரண சிடியில், ஒவ்வொரு 2048 பைட்டுக்கும் 276 பைட் கூடுதல் திருத்தத் தகவல் இருக்கும். 74 நிமிடப் படத்தை ஒரு சிடிக்குள் அடைக்க வேண்டியிருந்ததால் விசிடியில் அந்த 276 பைட்டை விட்டுவிட்டு அங்கேயும் படத்தையே எழுதினார்கள். படத்தில் ஒரு கட்டம் சிதறினால் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது கணக்கு. பிளேயருக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் விண்டோஸில் அதே படம் டேட் (.dat) கோப்பாகத் தெரியும், அதைக் காப்பி செய்யப் போனால், மீட்க முடியாத ஒரு இடம் வந்ததும் வேலை முழுக்க நின்றுவிடும்.

இப்போது, டிரைவுக்கும் ப்ராசஸருக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய பாதை. கீறலில் சிக்கிய டிரைவ் அதே இடத்தை மறுபடி மறுபடி படிக்கும், வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அந்த 'கர்ர்' சத்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதற்கிடையில் கேட்ட தகவல் வராததால் விண்டோஸ் காத்திருந்து, நேரம் தாண்டியது என்று ஒரு பிழையைக் குறித்துக்கொள்ளும். எக்ஸ்பியில் இந்தக் குறிப்புகள் கூடிக்கொண்டே போகும். நடுவில் ஆயிரம் தடவை ஒழுங்காகப் படித்தாலும் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஆறைத் தாண்டியதும், கேபிளில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் டிஎம்ஏ என்ற வேகமான முறையையே கைவிட்டு பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. கணினியை நிறுத்திப் போட்டாலும் மாறாது.

டிஎம்ஏ என்றால் டிரைவிலிருந்து தகவல் ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேராக மெமரிக்குப் போகும். பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் ப்ராசஸரே எடுத்து வைக்க வேண்டும். சமையலில் இருக்கும் ஒரே ஆள் ஒவ்வொரு சாமானுக்கும் தானே கடைக்கு ஓடுவது மாதிரி. டிவிடி படத்துக்கு விநாடிக்கு அதிகபட்சம் 1.26 மெகாபைட் போதும். பிஐஓ முறையின் உச்ச வேகமோ ஏட்டளவில் 16 மெகாபைட்டுக்கு மேல். எனவே தகவல் வந்து சேராமல் இல்லை. அதை வாங்கி வைப்பதிலேயே ப்ராசஸரின் நேரம் போவதால், எம்பெக்-2 படத்தைப் பிரிக்க நேரம் மிஞ்சுவதில்லை. டிவிடியை மென்பொருளாலேயே காட்ட 400 மெகாஹெர்ட்ஸ் பென்டியம்-2 ஓரளவு போதுமாக இருந்த காலம் உண்டு. அதைவிடப் பல மடங்கு வேகமான ப்ராசஸரும் இந்த நிலையில் திணறும்.

உறுதி செய்வது சுலபம். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ (டிரைவுகளை மதர்போர்டோடு இணைக்கும் முறை) கன்ட்ரோலர்கள் இருக்கும் கிளையை விரித்து, செகண்டரி ஐடிஇ சேனலின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இப்போதைய டிரான்ஸ்ஃபர் மோட் என்ன என்று பாருங்கள். (டிரைவ் பிரைமரி சேனலிலும் இருக்கலாம்.) 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2' என்று இருந்தால் டிவிடி டிரைவுக்கு நல்ல நிலை. பிஐஓ என்று இருந்தால், 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேர்வாகியும் பிஐஓவிலேயே நின்றால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கு இல்லாமல் டிஎம்ஏவில் தொடங்கும். பயப்பட ஒன்றுமில்லை, கோப்புகள் எதுவும் போகாது. கொஞ்ச நாளில் மறுபடி பிஐஓவுக்கு இறங்கினால் அப்போது கேபிளை மாற்றிப் பாருங்கள், டிரைவையும் சந்தேகியுங்கள்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு என்றால் டிஸ்க்கின் மேல் தப்பில்லை. அன்றைய பிளேயர்கள் படத்தை ஓவர்லே என்ற தனி அடுக்கில் திரையில் வைத்தன. பல கிராஃபிக்ஸ் கார்டுகளில் அந்த அடுக்கு ஒன்றே ஒன்றுதான், அதனால் இன்னொரு பிளேயர் திறந்திருந்தால் மூடுங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரைச் சரியாகப் போடுங்கள். ஆட்கள் அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால், அது டிவிக்காக ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று மாற்றி மாற்றிப் பதிந்த படம், வி.எல்.சியில் டிஇன்டர்லேஸை ஆன் செய்தால் போய்விடும். கல்யாண டிவிடி ஓடுகிறது, கடையில் வாங்கிய படம் மட்டும் ஓடவில்லை என்றால் மண்டலக் குறியீடாக, அதாவது டிஸ்க் எந்தப் பகுதியில் விற்க வெளியானது என்று காட்டும் எண்ணாக இருக்கலாம். இந்தியா 5, ஐரோப்பா 2, அமெரிக்காவும் கனடாவும் 1. லண்டனிலிருந்து உறவினர் அனுப்பிய டிஸ்க் இங்குள்ள டிரைவில் மறுக்கப்படுவது இதனால். 2000-க்குப் பின் வந்த டிரைவுகளில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதில் எதை வைத்தோமோ அதிலேயே பூட்டிக்கொள்ளும், ஆகவே சும்மா மாற்றிப் பார்க்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் அச்சில் வார்த்த குழிகள் இல்லை, லேசரால் சுட்ட சாயப் பூச்சுதான் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும். அதனால் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இராமல் முதலில் நகல் எடுங்கள். டிவிடிக்கு லினக்ஸில் குனு டிடிரெஸ்க்யூ அருமையான கருவி. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது எது விடுபட்டது என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். அந்தக் கோப்போடு டிஸ்க்கை வேறொரு டிரைவுக்குக் கொண்டுபோனால் மிச்சத்தை மட்டும் அது முயலும், ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. விசிடிக்கு அது ஒத்துவராது, செக்டரின் (தகவல் எழுதப்படும் துண்டின்) அமைப்பே வேறு. லினக்ஸில் விசிடிஎக்ஸ்ரிப், விண்டோஸில் ஐசோபஸ்டர் போன்ற விசிடி அறிந்த கருவிகளைப் பயன்படுத்துங்கள். கீறல் விழுந்த விசிடியை டேட் கோப்பாக இழுத்துப் போட முயன்று கைவிட்டவர்கள் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.